நாற்பத்தொன்றாம் மரத்தின் அடி

"அளவுகோலை எடுத்துட்டுப் போறேன்டி" என்றாள் ஜாஸியா. ஒரு கையால் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது எப்போதும்போலப் பாதி வழியில் மாட்டிக்கொண்டது.

"தாராளமா எடுத்துட்டுப் போ. நான் உன் மூக்கை வெச்சு அளந்துக்கறேன்" என்றாள் நாயிலா, வரைபலகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"என் மூக்கு நேராத்தான் இருக்கு. உன் கோடுதான் கோணிக்கிட்டுப் போகுது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள வந்து சொல்லலைன்னா அந்த மரத்துக்குச் சிவப்பு மைதான்."

"ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் பேனாவைத் தொட்டே, உன் காதுல மையை ஊத்துவேன்." ஜாஸியா அந்த மூன்று முக அளவுகோலைக் கையில் எடுத்து, ஒரு கணம் யோசித்து, மறுபடியும் மேசைமேல் வைத்தாள். "நீயே வெச்சுக்க. அம்மாகிட்ட சொல்லிக் காய்ஞ்ச பேய்க்கணவாய் எடுத்துட்டு வர்றேன். ஹாஸ்டல் பூரா நாறட்டும்."

படிக்கட்டில் அவளுடைய செருப்பு தட்டித் தட்டி இறங்கியது. கீழே யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு வாசல் கம்பிக் கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான்.

அது மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி இருக்கும்.

நிலவமைப்புத் திட்டக் கல்லூரியில் அது அவர்களுக்குக் கடைசி வருடம். இருவர் இருவராகச் சேர்ந்து ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் மண், காற்று, தண்ணீர், மரம், நடைபாதை எல்லாவற்றையும் ஒவ்வொரு மெல்லிய டிரேசிங் தாளில் தனித்தனியாக வரைய வேண்டும். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், வெளிச்சம் எல்லாவற்றையும் ஊடுருவி வந்து, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் தெரியும். நாயிலாவுக்குப் பிடித்த நேரம் அதுதான். ஐந்து தாள்களும் சேர்ந்து காற்றில் லேசாக அசையும்போது, ஊர் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல இருக்கும்.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஜாஸியாவின் ஊர். கெர்க்கென்னாத் தீவின் வடகோடியில் ஒரு மீனவக் கிராமம். கடற்கரையோரமாக நடைபாதையும் நிழலும் கேட்டு நகராட்சி கல்லூரிக்கு எழுதியிருந்தது. நல்ல திட்டமாக இருந்தால் கோடையில் வேலை தொடங்கும் என்றும் சொல்லியிருந்தது. நாயிலா மக்தர் மலைப்பக்கத்துக் கோதுமைக்காரர் மகள். அவளுக்கு நிலம் என்றால் மேடு பள்ளம், கள்ளிவேலி, வேலிக்கு அப்பால் அடுத்தவர் நிலம். தீவுக்கு முதல் தடவை போனபோது எதைப் பிடித்துக்கொண்டு வரைவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் தட்டை. நிலம் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு பதில். அரை மைல் தூரத்தில் ஒருவர் கடலின் நடுவே முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க்கொண்டிருந்தார், சந்தைக்குப் போகிறவரைப்போல.

அந்தக் கரையில் நூற்றுப்பன்னிரண்டு ஈச்ச மரங்கள். இருவரும் நடந்து நடந்து எண்ணி எண் போட்டார்கள். அதில் நாற்பத்தொன்று தெற்குப் பக்கமாக அப்படியே சாய்ந்து, நடுத்தண்டு பொந்தாகி, குனிந்து எதையோ தேடுகிற கிழவனைப்போல நின்றது. நாயிலாவின் நடைபாதை நேர்க்கோடாக வந்து அந்த மரத்தின்மேல்தான் ஏறியது.

"விழுற மரம். குழந்தை தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது? எடுத்துடலாம்" என்றாள்.

"அதை மட்டும் விடு. நான் அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"போன்ல கேளேன்."

"போன்ல காட்ட முடியாதுடி. கடல்ல நின்னு பாக்கணும்."

"என்னத்தைப் பாக்கணும்?"

"வந்து சொல்றேன். இப்ப சொன்னா நீ சிரிப்பே."

நாயிலா அதற்கே சிரித்தாள். அவர்களுடைய தாளில் கடல் என்பது ஓரத்தில் மூன்று விரற்கடை அகலத்துக்கு ஒரே சீராகப் பூசிய நீலம். தாள் அங்கேயே முடிந்துவிடுகிறது. தாளைத் திருப்பிப் போட்டுக் கடலுக்கு இன்னும் இடம் விடலாம் என்று ஜாஸியா பல தடவை சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும் என்று நாயிலா ஒத்துக்கொள்ளவில்லை. 'ஒண்ணுமில்லாத இடத்துக்கு எதுக்குத் தாள்?' என்று கேட்டிருந்தாள்.

ஜாஸியாவுக்கு அடுத்த வாரம்தான் விடுமுறை. அப்போது போயிருந்தால் போதும். ஆனால் நாயிலாவுக்கு மரத் தாள் முடிந்தாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே எலுமிச்சைத் தோட்டத்தில் யாரோ தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மற்ற மரங்கள் எல்லாம் முடிந்திருந்தன. சிவப்புப் பேனா திறந்தபடி கையிலேயே இருந்தது. நாற்பத்தொன்றின்மேல், வெட்ட வேண்டிய மரம் என்பதற்கு அடையாளமாக, இரண்டு சின்னக் கோடுகளைக் குறுக்காகப் போட்டாள். ஊதிக் காயவைத்தாள்.

ஐந்து மணிக்கு ஹாஸ்டல் அலுவலகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஸ்ஃபாக்ஸ் போகும் சாலையில் ஜாஸியா ஏறியிருந்த வாடகை வேன், திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்றில் மோதியிருந்தது. மூன்றரை மணிக்கு. நாயிலா அந்த நேரத்தைப் பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் பேனாவைத் திறக்கும்போது கேட்டு வரப் போனவள் இல்லை. கேள்வி மட்டும் சாலையோரத்தில் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிந்திய வாரங்கள் நாயிலாவுக்குத் தாள்களைப்போலவே இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, எதிலும் முழு உருவம் இல்லாமல். வகுப்புக்குப் போனாள், வந்தாள். பகலில் படுத்தால் ஒரே கனவு. தட்டையான கடல், அதன்மேல் டிரேசிங் தாள் விரித்ததுபோல வெளிச்சம், ஜாஸியா முழங்கால் தண்ணீரில் அந்தப் பக்கமாக நடந்து போகிறாள், தண்ணீர் ஆழமாகவே ஆவதில்லை. கூப்பிட்டால் திரும்பாமலே கையை மட்டும் தூக்குகிறாள், 'வந்து சொல்றேன்' என்பதுபோல.

ஆசிரியை தலேந்தா ஒரு நாள் வரைகூடத்தில் அவள் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"மே மாசக் கடைசியில தேர்வுக் குழு. தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"வேணாம் மேடம்."

"அப்ப அவ பலகையை நீதான் பிரிக்கணும். நான் தொட மாட்டேன், வேற யாரையும் தொட விடவும் மாட்டேன்." "உன் காப்பியில ஈ மிதக்குது" என்று சொல்லி எழுந்து போனாள்.

ஜாஸியாவின் பலகையில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாயிலா பார்த்திராத தாள். அதில் மண்ணும் காற்றும் எதுவும் இல்லை. நாற்பத்தொன்று என்று எண் போட்ட ஒரு புள்ளி. நிலத்தின் உட்புறம் ஊர்த் தர்காவின் வெள்ளைக் கூரைக்கு ஒரு சின்ன வட்டம். வட்டத்திலிருந்து கிளம்பிய பென்சில் கோடு மரத்தைத் தொட்டு, கரையைத் தாண்டி, கடலுக்குள் போய், தாளின் ஓரத்தையும் தாண்டியிருந்தது. அதற்கென்றே இன்னொரு துண்டுத் தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். கோடு அதிலும் முடியவில்லை. ஓரத்தில் அவளுடைய கிறுக்கல்: 'அடியா, தலையா? அம்மாவைக் கேட்கணும்.'

நாயிலா அந்தத் தாளை ஜன்னலில் ஒட்டினாள். தன்னுடைய மரத் தாளை அதன்மேல் வைத்தாள். சிவப்புக் குறி மிகச் சரியாக அந்தக் கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

நாற்பதாம் நாளுக்கு அவள் தீவுக்குப் போனாள். அடக்கத்துக்குப் போயிருக்கவில்லை, போகத் தைரியம் இல்லை. படகிலிருந்து இறங்கிப் பேருந்து பிடித்து ஊர் போய்ச் சேரும்போது வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஓதல் முடிந்து, பெரிய தட்டுகளில் கூஸ்கூஸ் போய்க்கொண்டிருந்தது. முற்றத்துக் கயிற்றில் பேய்க்கணவாய்கள் எட்டுக் கால்களையும் தொங்கவிட்டுத் துணிகளோடு துணியாகக் காய்ந்துகொண்டிருந்தன.

ஜாஸியாவின் அம்மா மஹ்பூபா குட்டையான, விறைப்பான பெண். கைகள் இரண்டும் உப்பில் ஊறி வெளுத்திருந்தன. கணவர் இறந்து பதினைந்து வருடமாகக் கடலில் பட்டி போடுவது அவள்தான்: ஈச்ச மட்டைகளைக் கடலடி மண்ணில் வரிசையாக ஊன்றி வேலி கட்டி, மீன்களை வழிகாட்டிக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் விழ வைப்பது. நாயிலாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை.

"நீதான் நாயிலாவா? மெலிஞ்ச பொண்ணுன்னு சொன்னா. இவ்வளவு மெலிசுன்னு சொல்லல. உக்காரு, சாப்பிடு."

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு. இந்த வீட்டுல வெறும் வயித்துல யாரும் எதுவும் சொல்றதில்லை."

கூட்டம் குறைந்த பிறகு முற்றத்தில் வைத்துச் சொன்னாள். தாள், மரம், சிவப்பு மை எல்லாம். "அடுத்த வாரம் வரேன்னா அவ. நான்தான் அவசரப்படுத்தினேன். ஞாயித்துக்கிழமைக்குள்ளன்னு சொன்னேன். அவ வர்றதுக்கு முந்தியே மையும் போட்டுட்டேன்."

மஹ்பூபா கயிற்றிலிருந்து ஒரு பேய்க்கணவாயை எடுத்துத் திருப்பிப் போட்டாள். அதற்கே வெகுநேரம் ஆனதுபோலிருந்தது.

"முந்தின நாள் போன் பண்ணினா" என்றாள். "'அம்மா, கயித்துல எத்தனை தொங்குது'ன்னு கேட்டா. ஒன்பதுன்னேன். 'ரெண்டு எனக்கு எடுத்து வை'ன்னா. மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவளுக்கு வீட்டுக்கு வரணும்னா எப்பவும் ஒரு சாக்கு வேணும். நீ ஒரு சாக்கு குடுத்தே." குரல் ஓரிடத்தில் மட்டும் சறுக்கியது. "அந்த லாரிக்காரனை நான் இன்னும் மன்னிக்கலை. உன்னை மன்னிக்க என்ன இருக்கு? அவ கேக்க வந்ததை நீ கேளு."

நாயிலா தாளைப் பிரித்துக் காட்டினாள். மஹ்பூபாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் கோட்டைப் பார்த்ததும் விரலை வைத்து, தர்காவிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து கடலுக்கும் ஒட்டுத் துண்டின் கடைசி வரைக்கும் இழுத்துப் போனாள்.

"இது எங்க எல்லை" என்றாள். "இதுக்குத் தெக்க எங்க கடல். வடக்க தாஹரோடது. இன்னும் கொஞ்சம் நீளமாப் போட்டிருக்கணும் கழுதை, பாதியிலயே விட்டுட்டா."

"கடல்ல எல்லையா?"

"ஏன், உங்க ஊர்ல கோதுமைக் காட்டுக்கு எல்லை இல்லையா?"

மறுநாள் காலை, தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில், பக்கத்துக் கடல்காரர் தாஹரின் படகில் மூவரும் போனார்கள். தாஹருக்கு அறுபது வயது இருக்கும். வாயில் அணைந்த சிகரெட். பேசும்போதும் எடுக்க மாட்டார். படகு ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீருக்கு அடியில் கடற்புல் வெளி தெரிந்தது. மீன்கள் அதன்மேல் நிழலோடு போயின. வானமும் தண்ணீரும் ஒரே வெளிறிய நிறத்தில் இருந்ததால், தூரத்து மட்டை வேலிகள் எதன்மேலும் ஊன்றாமல் சும்மா மிதப்பதுபோலத் தெரிந்தன. நாயிலாவுக்கு அது ஏற்கெனவே வந்த இடம்போல இருந்தது. கனவில் திரும்பத் திரும்ப வந்த இடம்தான்.

"இங்க" என்று மஹ்பூபா கழியை ஊன்றினாள். "இப்ப கரையைப் பாரு."

நாயிலா பார்த்தாள். தென்னங்குச்சி உயரத்துக்குச் சிறுத்துப்போன ஈச்ச மரங்கள். அவற்றில் சாய்ந்தது ஒன்று. அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் தர்காவின் வெள்ளைக் கூரை. பையிலிருந்து அளவுகோலை எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிமிர்த்திப் பிடித்தாள். மரத்தின் அடியும் வெள்ளைக் கூரையின் உச்சியும் அளவுகோலின் ஒரே விளிம்பில் வந்து நின்றன. மரத்தின் தலை மட்டும் விலகித் தெற்கே கிடந்தது.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒரு புயல்ல சாய்ஞ்சுது" என்றாள் மஹ்பூபா. "அதுவரைக்கும் அடி, தலைன்னு ரெண்டு கிடையாது. நேரா நிக்கிற மரத்துல யாரு பிரிச்சுப் பாக்குறது? அவ அப்பாவும் அதுக்கு முந்தியே போயிட்டாரு. அதான் அவளுக்குச் சந்தேகம். அவ இங்க இருந்த வரைக்கும் சின்னப் பிள்ளை, அப்புறம் படிக்கப் போயிட்டா."

"தலைதான்" என்றார் தாஹர். "தலையை வெச்சுப் பாத்தா எனக்கு இன்னும் அறுபது அடி வரும். உங்க மரம் பாத்துக் குடுத்தது, நான் என்ன பண்றது?"

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்றே. ஒரு மட்டையாவது தள்ளி ஊன்னியா?"

"நீ விட்டாத்தானே! பொம்பளையா நீ, சுங்கக் கப்பல்!"

"பாத்தியா பொண்ணே, இதான் என் பக்கத்து வீட்டுக்காரன். மீன் குறைஞ்சா என் மரத்தைத் திட்டுவான், மீன் கூடுனா அவன் கெட்டிக்காரன்."

நாயிலா அவரைப் பார்த்துக் கேட்டாள். "மாமா, நிஜமாச் சொல்லுங்க. நான் இதைத் தாள்ல எழுதப்போறேன். அடியா, தலையா?"

தாஹர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "அடிதான்மா" என்றார். "தலையைக் காத்து ஆட்டும். அதை நம்பி யாராவது கடலைப் பிரிப்பாங்களா? அந்தப் பிள்ளை என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். கொஞ்சம் கேலி பண்ணிட்டுச் சொல்லியிருப்பேன்." பிறகு கழியை எடுத்துத் தேவையில்லாமல் படகைத் தள்ளினார்.

திரும்பும்போது நாயிலா மெதுவாகச் சொன்னாள். "அம்மா, மரம் நடுவுல பொந்து. ஒரு நாள் விழும். அது பொய்யில்லை."

"தெரியும். நான் அதுக்கு அடியில உக்கார்றதே இல்லை. வெட்டணும்னா வெட்டிக்கட்டும். அடியை மட்டும் தோண்டாம இருக்கச் சொல்லு. நகராட்சிக்காரங்க வந்தா வேரோட தோண்டி, ரொப்பி, மேல கல்லைப் பதிச்சுட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு நானும் இல்லை, தாஹரும் இல்லைன்னா, எங்க பிள்ளைங்க எதைப் பாத்து..." அங்கே நிறுத்தினாள். தெற்குக் கடலுக்கு இனிப் பிள்ளை இல்லை என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வேலியின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கடற்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எப்போது ஏறத் தொடங்கியது என்று தெரியவில்லை.

"யாராவது பாப்பாங்க" என்றார் தாஹர்.

தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. நாயிலா தாளைத் திருப்பிப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தாள். மரத் தாள் தவிர நான்கும் அந்த மூன்று வாரத்தில். மண்ணும் காற்றும் மரங்களும் கீழ்ப்பாதியில், மேல்பாதி முழுவதும் கடல். மஹ்பூபாவும் தாஹரும் சொல்லச் சொல்லக் குறித்து வந்த எல்லைகள் ஏழு. ஒவ்வொன்றும் கரையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது: ஒரு கிணற்று மேடை, ஒரு வீட்டின் முனை, ஒரு மரம். ஆறாம் தாள் என்று ஜாஸியாவின் தாளையே வைத்தாள். அதைப் படியெடுக்கவில்லை. கோட்டை மட்டும் ஒட்டுத் துண்டுக்கு அப்பாலும் நீட்டினாள். இன்னும் நீளமாகப் போட்டிருக்க வேண்டியது.

மரத் தாளை மட்டும் புதிதாக்கவில்லை, பழையதையே திருப்பி மற்றவற்றோடு பொருத்தி வைத்தாள். பிளேடின் முனையால் சிவப்பு மையைச் சுரண்டினாள். தாள் கிழியாமல் சுரண்ட ஒரு மதியம் முழுவதும் ஆயிற்று. மை போய்விட்டது, அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக, வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அங்கே எழுதினாள்: 'தண்டை வெட்டலாம். அடியை இடுப்புயரம் விட வேண்டும். தோண்டக் கூடாது.' நேராக வந்த நடைபாதை அந்த இடத்தில் நான்கு அடி விலகி வளைந்து போயிற்று.

தேர்வுக் குழுவில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதை ரொம்ப அழகா நேரா வருது. இந்த இடத்துல மட்டும் ஏன் வளையுது? வரையறப்ப கை தவறிடுச்சா?"

நாயிலா ஆறு தாள்களையும் சேர்த்து எடுத்துப்போய் ஜன்னலில் பிடித்தாள். ஜன்னல் காற்றில் ஊர் முழுவதும் லேசாக அசைந்தது. எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். தர்காவிலிருந்து மரத்தடிக்கும், மரத்தடியிலிருந்து கடலுக்குள்ளும் ஒரு பென்சில் கோடு, ஐந்து தாள்களுக்கும் அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

"ஒட்டுத் தாள் யாருது?" என்று கேட்டார் அவர்.

"அவளோடது" என்றாள் தலேந்தா, நாயிலாவுக்கு முன்பே.

நகராட்சி கடிதம் எழுதி நன்றி சொன்னது. கோடை வந்தது, வேலை தொடங்கவில்லை. அடுத்த கோடையும் அப்படியே. மூன்றாம் வருடம் நாயிலா விடுமுறையில் தீவுக்குப் போனபோது நடைபாதையும் இல்லை, வளைவும் இல்லை. குளிர்காலத்துக் காற்றில் நாற்பத்தொன்றாம் மரம் தானாகவே முறிந்து விழுந்திருந்தது. மட்டைகளை மஹ்பூபா வேலிக்கு எடுத்துக்கொண்டாள். பொந்துத் தண்டைத் தாஹர் படகு முட்டுக்கு வெட்டிக்கொண்டு போனார், கேட்காமலே. அவள் அதற்காக அவரை ஒரு மாதம் திட்டியதாகச் சொன்னாள்.

தண்ணீர் வடிந்த நேரம் பார்த்து நாயிலா தனியாக நடந்து போனாள். முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர். வேலியின் முதல் மட்டைக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள். பையில் அளவுகோல் இருந்தது; எடுக்கத் தேவைப்படவில்லை.

கரையில் இடுப்புயரத்துக்கு ஒரு கட்டை. அதற்குப் பின்னால், அதே நேரில், வெள்ளைக் கூரை.